பாம்புக்காது

அவனுக்குப் பாம்புக்காது என்று பெயர் வந்ததே காது முழுசாகப் போன பிறகுதான். அப்படிக் கூப்பிட்ட கூட்டாளிகளுக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கூப்பிட்டார்கள், கூப்பிட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சேர்ந்துதான் சிரித்தான்.

எண்ணெயும் ரசாயனமும் அடைக்கிற தகர டிரம் செய்யும் கம்பெனி அது. மீசை அரும்பிய வயதில் பழைய கொட்டகைக்கு வேலைக்கு வந்தவன் அவன். தகட்டை வளைப்பது, ஒட்டுவது, அடிப்பது, செய்து முடித்ததை உருட்டிக்கொண்டு போவது என்று எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. உள்ளே நுழைந்தால் சத்தம் நேராக நெஞ்சுக்கூட்டில் வந்து மோதும். அங்கே வாயால் பேசுகிறவன் ஒன்று புது ஆளாக இருப்பான், இல்லையென்றால் பைத்தியமாக இருப்பான்.

பேச்செல்லாம் கையில்தான். கட்டைவிரலை உதட்டில் சாய்த்தால் டீ. காலரைத் தூக்கிவிட்டால் மேனேஜர் வருகிறார். வயிற்றைத் தடவினால் சூப்பர்வைசர், அவருக்குத் தொந்தி. உள்ளங்கையை விரித்தால் நிறுத்து, கவிழ்த்தால் மெதுவாக. நேற்று ராத்திரி பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை ஒருவன் ஒரு மூலையிலிருந்து கையால் சொல்ல, எதிர் மூலையில் இருப்பவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். அம்மாவை இழுத்துத் திட்டுவதற்குக்கூடக் கை இருந்தது. அதற்கு மட்டும் ரெண்டு கையும் வேண்டும், அதனால் வேலையைக் கீழே வைத்துவிட்டுத்தான் திட்ட முடியும். அந்த ஒரு காரணத்தாலேயே பல சண்டைகள் வராமல் போயின.

அந்த இடத்தில் அவன் காது கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தது யாருக்குத் தெரியும்? எல்லோரும் செவிடாக நிற்கிற இடத்தில் ஒரு செவிடனைப் பிரித்து எடுப்பது எப்படி? வீட்டில்தான் பிடிபட்டான். பால் பொங்கி அடுப்பை அணைத்தது தெரியாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தான். வெளியிலிருந்து வந்த பெண்டாட்டி கதவை உடைக்காத குறையாகத் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஜன்னல் வழியாகத் துடைப்பத்தை எறிந்தாள். அன்றைக்கே அவளுக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு வீட்டில் அவனோடு பேசுகிறவர்கள் முகத்தைக் காட்டி, வாயைத் திறந்து, நிதானமாகப் பேசக் கற்றுக்கொண்டார்கள். வீட்டில் அவன் செவிடன். வேலைக்குப் போனால் எல்லோரையும் போல ஒருத்தன். காலையில் சீக்கிரமே கிளம்பிவிடுவான்.

எதிரே நின்று வேலை செய்தவன் அவனுடைய தங்கச்சி புருஷன். அவனைக் கம்பெனியில் சேர்த்துவிட்டது இவன்தான். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்ததும் இவன்தான். மாப்பிள்ளைக்குக் கை ரொம்ப வேகம். ஒரு ஆள் வாயால் சொல்லி முடிப்பதற்குள் அவன் கை சொல்லி முடித்து, சிரித்து, அடுத்த கதைக்குப் போய்விடும்.

பிறகு புதுக் கொட்டகை வந்தது. நல்ல கொட்டகைதான், குறை சொல்ல முடியாது. மேலே காற்றாடி, கீழே வழுக்காத தரை, மெஷினுக்கெல்லாம் மூடி. சத்தம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. எல்லோருக்கும் காதை மூடுகிற ஹெட்செட் கொடுத்தார்கள். அதிலேயே வாய்க்கு முன்னால் ஒரு சின்ன மைக். ஒரு மெஷினில் நிற்கும் ரெண்டு பேர் குசுகுசுவென்று பேசினாலும் ஒருவருக்கொருவர் கேட்கும். தொழிலாளியின் காதைக் காப்பாற்ற வேண்டும் என்று மேலே யாரோ சட்டம் போட்டிருந்தார்கள்.

ஆட்கள் வாயால் பேச ஆரம்பித்தார்கள். புதுப் பொம்மை கிடைத்த குழந்தைகளைப் போல நாளெல்லாம் பேசினார்கள். கொஞ்ச நாளிலேயே அந்தக் கொட்டகையில் கைகள் ஊமையாகிவிட்டன. அவன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, உதடுகள் அசைவதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு திரிந்தான். யார் எதற்குச் சிரித்தாலும் கடைசியாகச் சிரிக்கிறவன் அவனாக இருந்தான்.

வேலை கெடவில்லை. அவனும் மாப்பிள்ளையும் நின்றது டிரம்முக்கு மூடி வைத்து விளிம்பு மடிக்கிற மெஷின். ஒருவன் மூடியை டிரம்மின் வாயில் வைத்து, கையால் சரிபார்த்து, கையை எடுத்துவிட்டு, மைக்கில் “சரி” என்று சொல்ல வேண்டும். மெஷினுக்கு அந்தப் பக்கம் நிற்பவன் அதைக் கேட்டுப் பெடலை மிதிப்பான். உருளை இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி விளிம்பை மடித்துவிட்டு மேலே போகும். நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு தடுப்புத் தகடு. பொறி தெறிக்காமல் இருக்க வைத்தது. இவன் முகம் அவனுக்குத் தெரியாது, அவன் கை இவனுக்குத் தெரியாது. மூடி வைப்பது அவன், மிதிப்பது மாப்பிள்ளை. சொல்கிறவனுக்குக் காது எதற்கு? “சரி, சரி” என்று சொல்லிக்கொண்டே அவன் பிழைத்தான்.

அப்போதுதான் காது பரிசோதனை வருகிறது என்றார்கள்.

மேனேஜர் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னதை, சாயங்காலம் அவன் வீட்டில் உட்கார்ந்து மாப்பிள்ளை மறுபடி சொன்னான். தங்கச்சியும் வந்திருந்தாள்.

“யாரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டாங்களாம் மச்சான். காது மந்தமா இருக்கறவங்களுக்கு வசதி செஞ்சு தருவாங்களாம். டெஸ்ட்டுல ஏமாத்தினா மட்டும் அன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடுவாங்களாம்.”

“வசதின்னா என்னவாம்?” என்றாள் தங்கச்சி.

“கேட்டுக்காரருக்குச் செஞ்சாங்களே, அந்த வசதி.”

கேட்டுக்காரர் முன்பு டிரம் உருட்டியவர். டிரம் ஏறிக் கால்விரல்கள் போன பிறகு, கம்பெனி அவருக்குக் கேட்டில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தது. மேனேஜர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த மழைக்குள் கேட்டுக்குத் தானாகத் திறக்கிற மெஷின் வந்தது. கேட்டுக்காரர் வீட்டுக்குப் போனார். நாற்காலி இன்னும் அங்கேதான் இருக்கிறது. சூப்பர்வைசர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதில் உட்கார்ந்துதான் பல் குத்துவார்.

“உண்மையைத்தான் சொல்லிப் பாருங்களேன்” என்றாள் அவன் பெண்டாட்டி. “இத்தனை வருஷம் உழைச்ச ஆளு. அந்த வேலையிலதானே காது போச்சு.”

“சொல்லலாம்க்கா. சொல்லிட்டு அந்த நாற்காலில மச்சானை உக்கார வைக்கலாம். நல்லாத்தான் இருக்கும். எத்தனை நாளைக்குன்னு மட்டும் கேக்காதீங்க.”

“அப்ப என்னடா பண்றது மாப்ளே?” என்றான் அவன். தன் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று அவனுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் விளக்கைப் போட்டுப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு கையால் பேசினான். நான் இருக்கிறேன்.

கம்பெனிச் சாப்பாட்டு அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே ஒரு ஸ்டூல். வெளியே ஒரு மேஜை, அதன் மேல் ஒரு மெஷின், அதன் முன்னால் ஒரு சின்னப் பெண். சத்தம் கேட்டால் கையில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும், எவ்வளவு சின்னதாகக் கேட்டாலும் அழுத்த வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் இருப்பவனுக்கு அவள் விரல் தெரியாதபடி மெஷினைத் திருப்பி வைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை. அவனுக்கு அடுத்து நின்றது மாப்பிள்ளை.

அவன் உள்ளே போய் உட்கார்ந்தான். அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலே மாப்பிள்ளையின் முகம். அவள் விரல் மெஷினைத் தொட்டதும் மாப்பிள்ளை தாடையைச் சொறிந்தான். இவன் பட்டனை அழுத்தினான். மறுபடி சொறிந்தான். மறுபடி அழுத்தினான். வரிசையில் நின்றவர்களுக்கு நொடியில் விஷயம் பிடிபட்டது. இருபது வருஷக் கைப்பேச்சு சும்மா போகுமா? ஒருத்தரும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் நின்ற பக்கம் நாலு பேர் நகர்ந்து சுவராக நின்றுகொண்டார்கள். ஒருவன் அவரிடம் சம்பந்தமே இல்லாமல் லீவு கேட்டான்.

தப்பு எங்கே நடந்தது என்றால், மாப்பிள்ளை ஒன்றைக்கூட விடவில்லை. ரெண்டு மூன்றை விட்டிருக்கலாம். வயசான ஆளுக்கு இவ்வளவுதான் கேட்கும் என்று போயிருக்கும். அது யாருக்கும் தோன்றவில்லை. டிரம் செய்கிறவனுக்கு அரைகுறையாகச் செய்யத் தெரியாது. ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் சரக்கு திரும்பி வந்துவிடும். அந்தப் பெண் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனாள். கொசு தும்மினால் வருகிற சத்தத்துக்கும் மாப்பிள்ளை தாடையைச் சொறிந்தான்.

அவள் காகிதத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு மாப்பிள்ளை சொல்லித்தான் அவனுக்கு அந்தப் பேச்சு தெரியும்.

“இத்தனை வருஷம் தகரத்துக்கு நடுவுல நின்னவருக்கா இந்தக் காது? எனக்கே இவ்வளவு கேக்காது சார்.”

“பாம்புக்காதும்மா அவனுக்கு” என்றாராம் சூப்பர்வைசர், தானே பெற்று வளர்த்த காது மாதிரி. அன்றைக்கு ஒட்டிய பெயர்தான்.

டீ நேரத்தில் கொட்டகையே கொண்டாடியது. அவன் முதுகில் தட்டாத ஆள் இல்லை. “என்ன பாம்பு, எங்க வீட்டுல என் பொண்டாட்டி என்ன பேசுறான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்” என்று ஒருவன் கையால் கேட்க, அவன் காதைத் திருப்பி வைத்து, கண்ணை மூடிக் கேட்பதுபோல நடித்து, ரெண்டு கையாலும் அந்தப் பழைய வசவைச் சொன்னான். எல்லோரும் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

சிரிப்பு அந்த வாரத்தோடு சரி.

மேனேஜர் அந்த ஒரு தடவை சொன்னதைச் செய்துவிட்டார். டெஸ்ட்டில் தோற்றவர்கள் ஒருவர்கூட வீட்டுக்குப் போகவில்லை. அவர்கள் மிதிக்கிற மெஷின்களில் பெடலுக்கு மேலே கண் மட்டத்தில் ஒரு விளக்கு வந்து உட்கார்ந்தது. மூடி வைக்கிறவன் கையை எடுத்துவிட்டு ஒரு பட்டனைத் தட்டினால் விளக்கு பச்சையாக எரியும். பச்சை வந்தால் மிதி, இல்லாவிட்டால் மிதிக்காதே. அவ்வளவுதான் சங்கதி. ஒரு பல்பு, கொஞ்சம் ஒயர்.

கூடவே ஒரு புதுச் சட்டமும் வந்தது. விளக்கு இல்லாத மெஷின்களில் காது நன்றாக இருப்பவன்தான் பெடலில் நிற்க வேண்டும். மாப்பிள்ளையின் காது சுமார் என்று வந்திருந்தது. பாம்புக்காதின் காது கொட்டகையிலேயே முதல். இடத்தை மாற்றிப் போட்டார்கள். மாப்பிள்ளை மூடி பக்கம், அவன் பெடல் பக்கம்.

“நீ கேட்டுப் பாரு மாப்ளே. ஒரு லைட்டுதானே.”

மாப்பிள்ளை சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டுவிட்டு, தொங்கிய முகத்தோடு வந்தான். அவர் பேசியதை அப்படியே வாயசைத்துக் காட்டினான்.

“காது நல்லா இருக்கறவனுக்கு லைட்டு போட்டா, நாளைக்குக் கண்ணு நல்லா இருக்கறவன் கண்ணாடி கேப்பான். போய் வேலையைப் பாருய்யா.”

“இடத்தையாவது பழையபடி மாத்திக்கறோம்னு?”

“கேட்டேன். மிதிக்கறவனுக்குத்தான் காது வேணுமாம். பாம்புக்காதை மூடி பக்கம் போட்டா மேனேஜர் தன்னைக் கேப்பாராம்.”

திருட்டுத்தனமாக மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. சூப்பர்வைசரின் கண்ணாடி அறை அந்த மெஷினுக்கு நேர் எதிரே இருந்தது. மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொல்லலாம் என்றால், முதல் டெஸ்ட் எப்படி வந்தது என்று கேட்பார்கள். கேட்டால் அவன் மட்டும் போகமாட்டான், தாடையைச் சொறிந்தவனும் போவான். “செவிடனுக்கெல்லாம் சீரியல் பல்பு, பாம்புக்காதுக்கு இருட்டு” என்று ஒருவன் கையால் சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்த்ததும் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

ரெண்டு பேருமாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தடுப்புத் தகட்டின் மேல் அவன் இடது உள்ளங்கையைப் பதித்து வைத்துக்கொள்வான். மாப்பிள்ளை மூடியை வைத்து, கையை எடுத்து, தகட்டின் அந்தப் பக்கம் விரல்முட்டியால் ஒரு தட்டு தட்டுவான். அது உள்ளங்கையில் வந்து சேரும். ஒரு தட்டு என்றால் மிதி. ரெண்டு என்றால் பொறு. சூப்பர்வைசர் பார்த்தால், ஏதோ அலுப்பில் தகட்டில் கை ஊன்றி நிற்கிறான் என்று தோன்றும்.

நடந்தது. கோடை போய் மழையும் வந்தது, நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அவன் உடம்பு முழுக்க அந்த ஒரு உள்ளங்கையில் போய் உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் சோறு பிசையக் கை வராது. தூக்கத்தில் சுவரைத் தடவுவான். பெண்டாட்டி அவன் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டால், அவள் மூச்சு ஏறி இறங்குவதை ஒவ்வொரு தட்டாக எண்ணிப் பயந்து எழுந்துகொள்வான்.

ஒரு நாள் காலையில் கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் புதுசாக ஒரு கம்ப்ரெஸரை ஓட்டிப் பார்த்தார்கள். யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவும் யாருக்கும் படவில்லை. பெரிய மெஷின், சுவிட்சைப் போட்டதும் ஒரு உதை உதைத்துவிட்டுத்தான் ஓடத் தொடங்கும். அந்த உதை தரை வழியாக வந்து, தகட்டில் ஏறி, அவன் உள்ளங்கையில் ஒரு தட்டாக விழுந்தது.

அவன் மிதித்தான்.

அது ஒரு சுற்று. மடித்து முடிக்கிற வரை பெடலை விடக்கூடாது, விட்டால் டிரம் வீண். அவன் விடவில்லை. மடிப்பில் ஏதோ ஒரு தடுக்கல் இருப்பதுபோலப் பாதத்தில் தெரிந்தது. தகடு தடித்திருக்கும் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தினான். கண்ணாடி அறையிலிருந்து சூப்பர்வைசர் எழுந்து ஓடிவருவது தெரிந்தது. எல்லா மெஷின்களிலிருந்தும் ஆட்கள் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள், எல்லோர் வாயும் திறந்திருந்தது. யாரோ அவன் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினார்கள். அப்போதுதான் கால் பெடலை விட்டது. தகட்டைச் சுற்றிப் போய்ப் பார்த்தான்.

மாப்பிள்ளையின் வலது கை மணிக்கட்டு வரை போய்விட்டது. ஆஸ்பத்திரியில் மிச்சத்தைச் சுத்தமாக வெட்டித் தைத்தார்கள்.

விசாரணை என்று மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டபோது மாப்பிள்ளை கட்டுப்போட்ட கையோடு வந்திருந்தான். மேனேஜர் மேஜைக்கு அந்தப் பக்கம், சூப்பர்வைசர் ஜன்னல் பக்கம். ரெண்டு பேரும் மாறி மாறிப் பேசினார்கள். மேனேஜருக்கு அடர்ந்த மீசை, உதடே தெரியாது. அவன் மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை ஏதோ சொன்னான். நேராக மேனேஜரைப் பார்த்துச் சொன்னான், இவன் பக்கம் முகத்தைக் காட்டவில்லை. பிறகு மேனேஜர் இவனைப் பார்த்து ஏதோ கேட்டார். மாப்பிள்ளையின் இடது கை மடியில் அசைந்தது. அந்தக் கைக்குப் பேசிப் பழக்கமில்லை, திக்கித் திக்கித்தான் வந்தது. ஆமா சொல்லு.

அவன் ஆமா என்று தலையாட்டினான்.

மேனேஜர் மறுபடி கேட்டார். இடது கை மறுபடி அசைந்தது. மறுபடி தலையாட்டினான். அவ்வளவுதான், முடிந்தது என்று எழுந்துகொண்டார்கள்.

எதற்குத் தலையாட்டினான் என்பது சாயங்காலம் தங்கச்சி வந்த பிறகுதான் தெரிந்தது. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை அவள். அவன் முகத்தை ரெண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். சின்ன வயசிலிருந்து பார்த்த வாய், ஒரு எழுத்து தப்பாது.

“கையை எடுக்கறதுக்கு முன்னாடியே சரின்னு சொல்லிட்டேன், தப்பு என்னோடதுதான்னு அவரு சொல்லியிருக்காரு. நீ அதுக்கு ஆமான்னு தலையாட்டியிருக்கே.”

“எனக்கு என்ன கேட்டாங்கன்னே தெரியாதும்மா. மாப்ளே ஆட்டச் சொன்னான்…”

“சொல்லாம மிதிச்சான்னு சொன்னா உன் வேலை போயிடுமாம். ரெண்டு வீட்டுல ஒரு வீட்டுலயாவது உலை கொதிக்கட்டுமாம். பெரிய தியாகி! அவர் தப்புங்கறதால நஷ்ட ஈடும் கிடையாது, வேலையும் கிடையாது. கையைக் கொடுத்துட்டு வெறுங்கையோட வந்து உக்காந்திருக்காரு.” சொல்லும்போதே அவளுக்கு வாய் கோணிக்கொண்டது. அவன் மிச்சத்தைப் படிக்க முடியாமல் தவித்தான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவனுக்காக மறுபடி நிதானமாகச் சொன்னாள். “உன் காதுக்கு என் புருஷன் கையாண்ணே?”

பெண்டாட்டி நடுவில் வந்தாள். “ஏன்மா, இவரு மட்டும் வேணும்னா செஞ்சாரு?”

“வேணும்னு செய்யலை அண்ணி. யாருமே வேணும்னு செய்யலை. அதான் எங்க போய் அழறதுன்னு தெரியலை.”

அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. மாப்பிள்ளையைப் போய்ப் பார்க்கவும் இல்லை. போனால், வேண்டாம் மச்சான் என்று அந்த இடது கை திக்கித் திக்கிச் சொல்லும். அதைப் பார்க்கத் தெம்பில்லை.

மறுநாள் காலையில் சூப்பர்வைசரைக் கேட்காமல் நேராக மேனேஜர் அறைக்குள் போய் நின்றான். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னான். கத்தினானா முணுமுணுத்தானா என்று தெரியவில்லை. கதவுக்கு வெளியே போய்க்கொண்டிருந்த ரெண்டு பேர் நின்று பார்த்ததால், கத்தியிருக்க வேண்டும்.

“ஐயா, எனக்குக் காது கேக்காது. வருஷக்கணக்கா கேக்காது. அந்த டெஸ்ட் பொய். மாப்ளே சரின்னு சொல்லவே இல்லை. சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. மிதிச்சது என் தப்பு. என்னை அனுப்பிடுங்க, அவனுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துடுங்க.”

மேனேஜர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். கதவைப் பார்த்தபடியே ஏதோ பேசினார். தோள் அசைந்ததில் பேசுகிறார் என்று தெரிந்தது.

“திரும்பிப் பேசுங்கய்யா. வாய் தெரியலை.”

அவர் திரும்பினார். மேஜையில் இருந்த கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். அதில் அவன் பெயரும் ஒரு கோடும் இருந்தன. கோடு மேலே மேலேயே ஓடியது. அதைத் தட்டிக் காட்டி, மீசைக்குக் கீழே நிறையச் சொன்னார். டெஸ்ட் என்கிற சொல் மட்டும் இவனுக்குப் பிடிபட்டது. அப்புறம் கம்பெனி. அப்புறம் வக்கீல் மாதிரி ஒன்று.

“எனக்குப் புரியலைங்கய்யா” என்றான். “நீங்க என் முதுகுக்குப் பின்னாடி நின்னு கூப்பிட்டுப் பாருங்க. பட்டாசு வேணாலும் கொளுத்திப் பாருங்க.”

மேனேஜர் அவனை ரொம்ப நேரம் பார்த்தார். கோபமான பார்வை இல்லை அது. தன் வீட்டுக் கூரை ஒழுகுகிற இடத்தைக் கண்டுபிடித்தவன் பார்ப்பதுபோல இருந்தது. காது கேட்காதவனைப் பெடலில் நிறுத்தியது கம்பெனி, லைட் கேட்டபோது இல்லை என்றதும் கம்பெனி. இது வெளியே போனால் ஒரு கைக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு முடிகிற விஷயமா? உட்கார்ந்தார். ஒரு துண்டுக் காகிதத்தை இழுத்து, பெரிய பெரிய எழுத்தாக, அவனுக்குப் புரிகிற மாதிரி எழுதி நீட்டினார்.

உனக்குக் காது நன்றாகக் கேட்கிறது. போய் வேலையைப் பார்.

அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். படித்துவிட்டு நிமிர்ந்தபோது மேனேஜர் கையை நீட்டியபடி இருந்தார். எதற்கு என்று புரியாமல் அவனும் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தான். அவர் அதை நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கதவைக் காட்டினார்.

கொட்டகையில் வேலை ஆரம்பித்துவிட்டிருந்தது. மூடி பக்கத்துக்கு வேறு லைனிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், கல்யாண மோதிரம் இன்னும் பளபளத்தது. பழைய கொட்டகையைப் பார்க்காதவன். பெரிய காதுக்காரரோடு நிற்கக் கிடைத்ததில் அவனுக்குச் சந்தோஷம்போல, சிரித்துக் கும்பிட்டான். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தகட்டுக்கு அந்தப் பக்கம் போனான்.

அவனும் தன் இடத்துக்குப் போனான். கால் தானாகப் பெடல் மேல் ஏறியது. முதல் டிரம் வந்து நின்றது. உள்ளங்கையைத் தகட்டில் வைத்தான். கம்ப்ரெஸர் ஓடிக்கொண்டிருந்ததில் தகடு முழுக்க நடுங்கியது, காய்ச்சல்காரன் உடம்பைத் தொடுவதுபோல. அதற்குள் யாருடைய தட்டும் இல்லை. அந்தப் பக்கம் புதியவன் வாயால் சொல்லியிருப்பான். இல்லை, இன்னும் மூடியைத் தடவிக்கொண்டிருப்பான்.

வரிசையில் அடுத்த டிரம் வந்து முதல் டிரம்மில் முட்டியது. அதற்கடுத்தது அதன் மேல் முட்டியது. கண்ணாடி அறையில் சூப்பர்வைசர் எழுந்து நின்றார், கையை ஆட்டினார். பிறகு கதவைத் திறந்துகொண்டு வந்தார். பக்கத்தில் நின்று பெடலைக் காட்டினார், கடிகாரத்தைக் காட்டினார், கடைசியில் கேட்டுப் பக்கம் கட்டைவிரலைக் காட்டினார். மிதிக்காவிட்டால் அங்கே போ என்பதற்குக் காது வேண்டியதில்லை.

அவன் பெடலிலிருந்து காலை எடுத்தான். ஹெட்செட்டைக் கழற்றிச் சூப்பர்வைசர் கையில் கொடுத்தான். தகட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனான். புதியவன் இன்னும் மூடியின் மேல் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டுதான் நின்றான், என்ன நடக்கிறது என்று தெரியாமல்.

“நீ சரின்னு சொன்னியா, சொல்லலையா, எனக்குத் தெரியாதுப்பா” என்றான் அவன். “கையை வெளியே எடு.”

புதியவன் சூப்பர்வைசரைப் பார்த்தான். சூப்பர்வைசர் வாயைத் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். புதியவன் கையை எடுத்துக்கொண்டான்.